ராக்கன் சொன்ன ‘சரிங்க’

ராக்கனைப் பற்றி எழுத எனக்கு அருகதை கிடையாது. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆனால் அந்த மனிதரைப் பற்றி இதுவரை எழுத்தில் ஏறியதெல்லாம் நான் எழுதிய பொய்தான். அதனால் உண்மையையும் நானே எழுதித் தொலைக்க வேண்டியிருக்கிறது. வேறு யார் வந்து எழுதுவார்கள்?

என் பெயர் பங்கிராஸ். ஆவூர்க்காரன். புதுக்கோட்டை சமஸ்தானமாக இருந்த காலத்திலேயே கோர்ட்டு வேலையில் சேர்ந்தேன். நாற்பத்தெட்டில் சமஸ்தானம் போய்த் திருச்சி ஜில்லாவோடு சேர்ந்தபோது, பழைய மேசை நாற்காலிகளோடு என்னையும் புது சர்க்கார் எடுத்துக்கொண்டது. ஒரு மாஜிஸ்திரேட் கோர்ட்டில் பெஞ்ச் கிளார்க். மாஜிஸ்திரேட்டுக்குக் கீழே உட்கார்ந்து கேஸ் கட்டை எடுத்துக் கொடுப்பது, கைதியிடம் கேள்வியைப் படிப்பது, பதிலை எழுதுவது, இதுதான் என் வேலை. எந்த ஊர்க் கோர்ட்டு என்று சொல்ல மாட்டேன். தப்பு செய்தது நான். கட்டிடத்தை எதற்கு இழுக்க வேண்டும்?

ராக்கனுக்குத் திருவரங்குளத்துக்குக் கிழக்கே ஒரு சின்ன ஊர். கிணறு வெட்டுகிற ஆள். எங்கள் பக்கத்துப் பூமியில் கிணறு வெட்டுவது சும்மா இல்லை. மேலாகச் செம்மண்ணைக் காட்டி ஆசை காட்டும், அதற்குக் கீழே செம்புராங்கல் கடப்பாரையைத் திருப்பி அடிக்கும். நாலைந்து பேராகச் சேர்ந்து கீரமங்கலம், ஆவுடையார்கோவில் என்று போவார்கள். ஒரு ஊரில் ஒன்றரை மாதம், இன்னொரு ஊரில் இரண்டு மாதம். கிணற்றுக்குள் இறங்கினால் ராக்கன் வாய் ஓயாது என்றும், மேலே ஏறி வந்தால் ஊமை மாதிரி நிற்பார் என்றும் அவர் சம்சாரம் காத்தாயி சொல்லித்தான் எனக்குத் தெரியும். நான் பார்த்ததெல்லாம் மேலே நின்ற ராக்கனைத்தான். இடுப்பில் துண்டைக் கட்டிக்கொண்டு, கும்பிட்ட கையைப் பிரிக்காமல் நிற்கிற ராக்கன்.

ஐம்பதாம் வருஷம் பங்குனியில் ஒரு மிராசுதார் தோட்டத்தில் மாடு பூட்டிக் கவலையில் தண்ணீர் இறைக்கிற இரும்புச் சால் காணாமல் போனது. அந்தக் கிணற்றை ஆழப்படுத்த வந்திருந்தவர்களில் கடைசியாக அங்கிருந்து கிளம்பியவர் ராக்கன். அவ்வளவுதான் சாட்சியம். போலீஸ் பிடித்துக்கொண்டு வந்தது.

கேஸ் வந்த நாள் ஈஸ்டருக்கு முந்தின பெரிய வியாழக்கிழமை. அன்றைக்கு எங்கள் கோர்ட்டில் இருபத்து மூன்று கேஸ். மூன்று மணி பஸ்ஸைப் பிடித்தால்தான் சாயங்காலப் பூசைக்கு ஊர் போய்ச் சேர முடியும். மாஜிஸ்திரேட் குண்டூர்ப் பக்கத்துக்காரர். நல்ல மனுஷன்தான், ஆனால் தமிழ் வராது. அப்போது ஆந்திரா பிரியவில்லை; அங்கிருந்து இங்கே போடுவார்கள், இங்கிருந்து அங்கே போடுவார்கள். ஆகவே கைதி சொல்வது அவர் காதுக்கு என் வாய் வழியாகத்தான் போக வேண்டும். நினைத்துப் பார்த்தால் எவ்வளவு பெரிய காரியம்! எனக்கு அது தண்ணீர் பட்ட பாடு, அதனால் சிறுசாகப் போய்விட்டது.

எனக்கு ஒரு கெட்ட பழக்கம் இருந்தது. இரண்டு கேள்வியை ஒரே மூச்சில் கேட்டுவிடுவேன். நேரம் மிச்சமாகும். குற்றச்சாட்டைக் கடகடவென்று படித்து முடித்து, “கேட்டுக்கிட்டியா, ஒத்துக்கிறியா?” என்பேன். நடுவில் மூச்சு விட மாட்டேன். அன்றைக்கும் அப்படித்தான் கேட்டேன்.

ராக்கன் கும்பிட்டபடியே, “சரிங்க” என்றார்.

எங்கள் பக்கத்து ஆளுக்கு ‘சரிங்க’ என்றால் என்னவென்று சொல்லத் தேவையில்லை. மழை வரும்போல இருக்கே என்று ஒரு பெரிய மனுஷன் சொன்னால் சரிங்க. போய்விட்டு நாளைக்கு வா என்றால் சரிங்க. அறிவு இருக்காடா என்று திட்டினாலும் சரிங்க. நீங்கள் பேசினீர்கள், என் காதில் விழுந்தது, அவ்வளவுதான் அதற்கு அர்த்தம். ராக்கன் என் முதல் கேள்விக்குப் பதில் சொன்னார். கேட்டுக்கிட்டேன் என்றார். இரண்டாவது கேள்வி அவருக்குப் புரிந்ததா என்பதே சந்தேகம்.

எனக்குத் தெரியாதா? ஒரு நாளைக்கு நாற்பது ‘சரிங்க சார்’ சொல்லுகிறவன் நான். அதில் ஒன்றுகூட ஒப்புதல் கிடையாது. என் பேனா ஒரு கணம் நின்றது. கைதி சொன்னதை முடிந்தவரை அவன் வாயில் வந்த வார்த்தையிலேயே எழுத வேண்டும் என்பது எங்கள் வேலையின் பாலபாடம். ‘சரிங்க’ என்று எழுதியிருக்கலாம். இன்னொரு தரம் நிறுத்திக் கேட்டிருக்கலாம். மாஜிஸ்திரேட் கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, என்ன சொல்கிறான் என்று இங்கிலீஷில் கேட்டார். நானும் கடிகாரத்தைப் பார்த்தேன்.

“ஒத்துக்கிறான் சார்” என்று இங்கிலீஷில் சொன்னேன், அப்படியே எழுதியும் வைத்தேன்.

‘அவன்’ என்றுதான் என் மனசில் இருந்தது. இப்போது ‘அவர், அவர்’ என்று எழுதுகிறேனே, இந்த மரியாதையை அன்றைக்குக் கொடுத்திருந்தால் இன்னொரு தரம் கேட்கத் தோன்றியிருக்கும்.

மூன்று மாதம் கடுங்காவல். ராக்கன் எனக்கும் ஒரு கும்பிடு போட்டுவிட்டுத்தான் வெளியே போனார். வராந்தாவில் கான்ஸ்டபிளிடம், “திரும்பி எப்ப வரச் சொல்றாக?” என்று கேட்டது என் காதில் விழுந்தது. கான்ஸ்டபிள் சிரித்தான். நான் மூன்று மணி பஸ்ஸைப் பிடித்துவிட்டேன்.

ஊரில் சனிக்கிழமை, செய்த பாவத்தைச் சொல்லி மன்னிப்புக் கேட்கிற பாவசங்கீர்த்தனத்துக்கு வரிசையில் நின்றேன். சாமியாரிடம் என்ன சொன்னேன் தெரியுமா? “பொய் சொன்னேன் சாமி, மூணு தரம்.” மூன்றில் ஒன்று, சம்சாரம் அடைக்கலமேரியிடம் சொன்னது. ஒன்று, பக்கத்து வீட்டுக்காரரிடம் சொன்னது. மூன்றாவது ராக்கன். மூன்றையும் ஒரே கட்டாகக் கட்டி நீட்டினேன். சாமியார் மாதாவிடம் மூன்று பிரியதத்த மந்திரம் சொல்லச் சொன்னார். கணக்குப் பார்த்தால் ராக்கனுடைய மூன்று மாதத்துக்கு எனக்கு ஒரு மந்திரம். சே, இதை எழுதும்போதே கை கூசுகிறது.

ஆனி மாதம் காத்தாயி கோர்ட்டுக்கு வந்தாள். அதற்கு முன்னால் அவளை நான் பார்த்ததில்லை. தலையில் ஒரு பலாப்பழம். இறக்கி என் மேசைக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு மூச்சு வாங்கினாள்.

“அய்யா, சால் கெடச்சிருச்சுங்க! தூர் வாரையில கெணத்துச் சேத்துக்குள்ளதான் கெடந்துச்சாம். வடம் அந்து உள்ள விழுந்திருக்குங்க. ஊரே பாத்துச்சு. இனி அவரை விட்டுருவாகல்ல?”

அப்போது ராக்கனுக்கு இன்னும் மூன்று வாரத் தண்டனை பாக்கி. ஒரு மனு எழுதிக் கொடுத்திருந்தால், மாஜிஸ்திரேட் காதில் ஒரு வார்த்தை போட்டிருந்தால், ஏதாவது நடந்திருக்கும். ஆனால் அப்படிச் செய்தால் முதல் கேள்வி என்ன வரும்? எடுக்காதவன் எப்படி ஒத்துக்கொண்டான், யார் எழுதியது? அதனால் நான் என்ன செய்தேன்? என் பொய்யையே எடுத்து அவளுக்குப் பதிலாகக் கொடுத்தேன்.

“சால் கெடச்சா என்னம்மா? அவன்தான் ஒத்துக்கிட்டானே.”

“ஒத்துக்கிட்டாரா? எடுக்காததை எதுக்குங்க ஒத்துக்கிட்டாரு?”

“அதை அவன்கிட்டத்தான் கேக்கணும்” என்றேன்.

கேட்டாள். பத்து வருஷம் கேட்டாள். பழத்தைத் திருப்பிக் கொடுக்கவாவது எனக்குப் புத்தி வந்திருக்க வேண்டும். இல்லை. வீட்டுக்குக் கொண்டுபோய் அறுத்தோம். என் மகள் அருள்ராணிக்கு அப்போது பதினொரு வயது. இவ்வளவு இனிப்பாகப் பழம் தின்றதே இல்லை என்றாள். நானும் தின்றேன்.

தண்டனை மூன்று மாதத்தோடு முடியவில்லை. அதுதான் இதில் உள்ள கொடுமை. ஒரு தரம் திருட்டுக் கேஸில் உள்ளே போனவன் பெயரைப் போலீஸ் ஸ்டேஷனில் கேடி லிஸ்டில், அதாவது தெரிந்த குற்றவாளிகள் பட்டியலில், ஏற்றிவிடுவார்கள். இன்று நம் ஊரில் சண்டையில் வசவாகிப்போன ‘கேடி’ அங்கிருந்து வந்த சொல்தான். லிஸ்டில் ஏறியவன் ராத்திரி வீட்டில் இருக்கிறானா என்று போலீஸ்காரர்கள் வந்து பெயர் சொல்லிக் கூப்பிடுவார்கள். சொல்லாமல் வெளியூர் போகக் கூடாது. வெளியூர் போகாமல் கிணறு வெட்டுகிறவன் எப்படிப் பிழைப்பான்? சொந்த ஊரில் எத்தனை கிணறு வெட்டுவது? கூட வந்த ஆட்களும் கழன்றுகொண்டார்கள். ராக்கன் அடுத்தவர் வயலில் வரப்பு வெட்டப் போனார்.

சுற்று வட்டாரத்தில் எது களவு போனாலும் முதலில் அவரைத்தான் தூக்கினார்கள். ஐம்பத்து மூன்றில் ஒரு தரம், ஐம்பத்தைந்தில் ஒரு தரம். ஐம்பத்தேழில் சைக்கிள் திருட்டு என்று பிடித்து, ஐந்து மாதம் சப்-ஜெயிலில் போட்டுவிட்டு, சாட்சி இல்லை என்று விட்டார்கள். ஜாமீன் நிற்க ஆள் இல்லை. கேடிக்கு யார் ஜாமீன் நிற்பார்கள்? பதினைந்து நாளைக்கு ஒரு தரம் ரிமாண்டு நீட்டிக்க வேண்டும். ஆளைக் கொண்டுவராமல் காகிதத்தை மட்டும் கொண்டுவருவார்கள். ‘நீட்டிக்கப்பட்டது’ என்று என் கைதான் எழுதியது. பத்துக் காகிதம். அந்த அறையில் பன்னிரண்டு பேர் படுக்கிற இடத்தில் முப்பது பேர் கிடந்தார்கள் என்றும், படுக்க முறை வைத்துக்கொண்டார்கள் என்றும் பிற்பாடு கேள்விப்பட்டேன். எழுதும்போது எனக்குக் காகிதம் மட்டும்தான் தெரிந்தது. தெரியாத மாதிரி வைத்துக்கொண்டேன் என்பதுதான் சரி.

ஒவ்வொரு தரமும் காத்தாயி வந்து கோர்ட்டு வேப்பமரத்தடியில் உட்காருவாள். கோர்ட்டிலேயே அவளிடம் முகம் கொடுத்துப் பேசுகிறவன் நான் ஒருத்தன்தான். குற்றமுள்ள நெஞ்சு, வேறென்ன? அவள் அதை அன்பு என்று நினைத்தாள். வீட்டுக் கதையெல்லாம் சொல்லுவாள். அவர்களுக்கு ஒரே மகள், ராசாத்தி. கேடி வீட்டுப் பெண் என்று பேசி முடித்த சம்பந்தம் ஒன்று முறிந்துபோனது. கடைசியில் கீரமங்கலத்தில் ஒரு இடம் அமைந்து போகும்போது, அப்பன் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டுப் போனாளாம்: “நெசமா திருடியிருந்தாக்கூடப் பொறுத்துக்கிருவேன். திருடாமலே ஒத்துக்கிட்டு வந்து எங்க குடியைக் கெடுத்துட்டியே!” அதோடு பேச்சு வார்த்தை இல்லை. நாலு வருஷமாகப் பிறந்த வீட்டுப் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை.

“அவ சொல்றதுலயும் தப்பு இல்லீங்களே அய்யா” என்றாள் காத்தாயி. நான் கோர்ட்டு மணியைப் பார்க்கிற மாதிரி முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

ஐம்பத்தொன்பதாம் வருஷக் கடைசியில் இருதயநாதன் ஒரு கூட்டம் கூட்டினார். புதுக்கோட்டையில் வக்கீல், எனக்கு ஊர்வழியில் தூரத்து உறவு. சப்-ஜெயில் கைதிகள் நிலையும் கோர்ட்டு நடைமுறையும் என்று நோட்டீஸ் அடித்தார். கட்சிக் கூட்டம் இல்லை. வக்கீல், டாக்டர், வாத்தியார், ரிட்டயர்டு இன்ஸ்பெக்டர் ஒருவர் என்று நாற்பது பேர் உட்கார்ந்து பேசுவது, பேசியதைத் தீர்மானமாக எழுதி மேலே அனுப்புவது. ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், பள்ளிக்கூட ஹாலில். என்னிடம் வந்து, “மாமா, ஒங்க கையெழுத்து முத்து முத்தா இருக்கும். நடவடிக்கைக் குறிப்பு நீங்கதான் எழுதணும்” என்றார். என் கையெழுத்துக்கு அன்றைக்கும் பாராட்டுத்தான்.

நல்ல கூட்டம் என்றே சொல்ல வேண்டும். டாக்டர் எழுந்து கைதிகளின் சிரங்கைப் பற்றிப் பேசினார். ஒரு வாத்தியார், விசாரணை முடியாதவனைத் தண்டனைக் கைதியோடு எப்படிப் படுக்க வைக்கலாம் என்று கேட்டார். திருடனுக்கு என்ன மெத்தையா போட முடியும் என்று பின்னாலிருந்து ஒருவர் கத்த, இருதயநாதன், “திருடன்னு இன்னும் யாரும் சொல்லலையே அண்ணே, அதுக்குத்தானே கோர்ட்டு” என்று சிரித்துக்கொண்டே மடக்கினார். நான் எல்லாவற்றையும் எழுதிக்கொண்டிருந்தேன். பிறகு கேடி லிஸ்ட் விஷயம் வந்தது. தப்பாக ஏறிய பெயர்களை மறுபடி பரிசீலித்து எடுக்க வேண்டும் என்று தீர்மானம். ரிட்டயர்டு இன்ஸ்பெக்டர் ஒரு திருத்தம் சொன்னார்: கோர்ட்டில் தானே குற்றத்தை ஒப்புக்கொண்டவர்களை இதில் சேர்க்கக் கூடாது. நியாயம்தானே என்று பலரும் தலையாட்டினார்கள்.

இருதயநாதன், “அதுக்கு முன்னாடி ஒரு ஆளை விசாரிப்போம்” என்று வாசல் பக்கம் கையைக் காட்டினார். ராக்கனும் காத்தாயியும் உள்ளே வந்தார்கள். அவர்களைக் கூட்டி வரப் போகிறார் என்று என்னிடம் சொல்லவே இல்லை.

நாற்காலி போட்டார்கள். ராக்கன் உட்காரவில்லை. “எடுக்காத சாலை எடுத்தேன்னு ஏன் ஒத்துக்கிட்டீங்க? யாராவது அடிச்சாங்களா?” என்று இருதயநாதன் கேட்டார்.

“அடிக்கலீங்க” என்றார் ராக்கன். “எனக்குத் தெரியலீங்க. கோர்ட்டுல நின்னா காலு வெடவெடங்குது, காது அடச்சுப் போச்சு. என்ன சொன்னேன்னு இன்ன வரைக்கும் நெனப்பு இல்ல. ஆனா ஒத்துக்கிட்டேன்னு எழுத்துல இருக்காம்ல? அப்ப சொல்லித்தான் இருப்பேன். பங்கிராஸ் அய்யா எழுதுனது. அவுக தப்பா எழுத மாட்டாக. அங்கன எங்க மேல எரக்கப்பட்ட ஒரே ஆளு அவுகதான்.”

சொல்லிவிட்டு என்னைப் பார்த்துச் சிரித்தார்.

பூமி பிளந்து உள்ளே போய்விட மாட்டோமா என்பார்களே, அன்றைக்குத்தான் அது வெறும் பேச்சில்லை என்று கண்டேன். இன்ஸ்பெக்டரின் திருத்தத்தை நான் பாதி எழுதியிருந்தேன். மீதியை எழுதினால் ராக்கன் கதை இத்தோடு முடிந்தது. சாகிற வரைக்கும் கேடி. எழுந்து நின்றேன். நான் நின்றதே பேசத் தொடங்கிய பிறகுதான் எனக்குத் தெரிந்தது.

“அவர் ஒத்துக்கலை. ரெண்டு கேள்வியைச் சேர்த்துக் கேட்டேன். அவர் ‘சரிங்க’ன்னார். தெரிஞ்சேதான் நான் மாத்திச் சொன்னேன். பஸ்ஸுக்கு நேரமாச்சு.”

முதலில் பேசியது யார் தெரியுமா? ராக்கன்.

“அய்யோ, வேண்டாங்கய்யா! எனக்காவ எதுக்குப் பழியைத் தூக்கித் தலையில போட்டுக்கிறீக? நீங்க உத்தியோகத்துல இருக்கவுக!” என்று பதறி, கூட்டத்தைப் பார்த்துக் கும்பிட்டார். “அய்யா என்னையக் காப்பாத்தறதுக்காகச் சொல்றாக. நம்பாதீங்க சாமி!”

ஒருவர் கை தட்டினார். பிறகு பலர் தட்டினார்கள். டாக்டர் என் தோளைத் தொட்டு, “பெரிய மனசு சார் ஒங்களுக்கு” என்றார். பத்து வருஷத்துக்கு முன்னால் பொய் சொன்னேன், ஒரு கேள்வி கேட்காமல் நம்பினார்கள். இப்போது உண்மையைச் சொன்னேன், கை தட்டுகிறார்கள். அதைவிடக் கேவலம் ஒன்று உண்டு. கை தட்டல் கேட்டபோது எனக்கு ஆசுவாசமாக இருந்தது. சொல்லியாயிற்று, யாரும் நம்பவில்லை, வேலைக்கும் ஆபத்தில்லை என்று உட்கார்ந்துவிட்டேன்.

காத்தாயி மட்டும் கை தட்டவில்லை. மறுநாள் காலை கோர்ட்டு வாசலில் நின்றாள்.

“நேத்து சொன்னது நெசந்தானே?”

“நெசந்தான்.”

திட்டுவாள் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் தேவலை. “பத்து வருசமா அந்த மனுசனைக் கிழிகிழின்னு கிழிச்சேங்க” என்றாள். “ஒரு நாளு சோத்துத் தட்டைப் புடுங்கிட்டேன். ஒத்துக்கிட்ட வாய்க்குச் சோறு எதுக்குன்னு கேட்டேன். அதுக்கும் ஒரு வார்த்தை பேசல அவரு.” முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். “எழுதிக் குடுங்க. அன்னைக்கு எழுதுனீங்கல்ல, அதே மாதிரி எழுதிக் குடுங்க.”

“எழுதித் தாரேன்” என்றேன்.

பத்தொன்பது நாள் எழுதவில்லை. பென்ஷனுக்கு ஏழு வருஷம் இருந்தது. அருள்ராணிக்கு மாப்பிள்ளை பார்த்துக்கொண்டிருந்தோம். இருபதாம் நாள் ஏதோ ஒரு ஊர்த் திருவிழாவுக்கு முன்னெச்சரிக்கை என்று சொல்லி ராக்கனை மறுபடி பிடித்துக்கொண்டு போனார்கள். காத்தாயி வந்தாள். வேப்பமரத்தடிக்குப் போகவில்லை. என் ஜன்னலுக்கு வெளியே வெயிலில் நின்றாள். காலையிலிருந்து கோர்ட்டு கலைகிற வரைக்கும் நின்றாள். அன்றைக்கு ஒரு வரி ஒழுங்காக எழுத என்னால் முடியவில்லை. வீட்டுக்குப் போகாமல் நேரே இருதயநாதனிடம் போய், நடந்ததை எழுதி, சத்தியம் செய்து கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். “மாமா, இது நெசமாவே நெசமா?” என்று கேட்டார் அவர். கேட்டபிறகு கொஞ்ச நேரம் என் முகத்தைப் பார்க்கவில்லை.

எட்டு மாதம் விசாரணை. என்னை நகல் எழுதுகிற குமாஸ்தாவாக இறக்கி வேறு கோர்ட்டுக்கு மாற்றினார்கள். வேலை போகாதது என் அதிர்ஷ்டம். அறுபதாம் வருஷக் கடைசியில் கேடி லிஸ்டிலிருந்து ராக்கன் பெயரை எடுத்துவிட்டதாக உத்தரவு வந்தது.

வீட்டில் என்ன சொன்னேன் என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஏழை ஒருத்தனுக்காகக் கூட்டத்தில் பேசினேன், மேலே உள்ளவர்கள் பழிவாங்கிவிட்டார்கள் என்று சொன்னேன். வார்த்தைக்கு வார்த்தை பார்த்தால் அதில் பொய் ரொம்ப இல்லை. அதில் எனக்குப் பழக்கம் உண்டே! அடைக்கலமேரி கோவிலில் எல்லோரிடமும் பெருமையாகச் சொல்லிக்கொண்டாள். அருள்ராணி அப்போது பள்ளிக்கூடத்தில் டீச்சர். தன் அப்பாவைப் பற்றி வகுப்பில் பிள்ளைகளுக்குச் சொன்னாளாம். அதையும் கேட்டுக்கொண்டு சாப்பிட்டேன்.

உத்தரவின் நகலை நானே எடுத்துக்கொண்டு ராக்கன் வீட்டுக்குப் போனேன். படித்துக் காட்டினேன். இனி நீங்கள் எந்த ஊருக்கும் போகலாம், யாரையும் கேட்க வேண்டியதில்லை என்றேன். அவருக்கு அதெல்லாம் மண்டையில் ஏறவில்லை.

“அப்ப நான் ஒத்துக்கலையாங்க?” என்றார்.

“இல்லைங்க.”

“நெசமாவே ஒத்துக்கலையா? நீங்க எனக்காவச் சொல்றீகன்னுல்ல நெனச்சேன்!” காத்தாயியைப் பார்த்தார், திரும்ப என்னைப் பார்த்தார். “நான் ஒத்துக்கலை!” என்று தனக்குத்தானே சொன்னார். கோபப்படுவார், ஒரு அறை விடுவார் என்று காத்திருந்தேன். அவருக்குக் கோபப்பட நேரமில்லை. “ராசாத்திகிட்டச் சொல்லணுமே. நான் சொன்னா நம்ப மாட்டா. நீங்க வந்து சொல்றீகளா?”

தை மாதம் இரண்டு பேரும் பஸ் ஏறிக் கீரமங்கலம் போனோம். ராக்கன் ஜன்னலோரம் உட்கார்ந்து வழியில் தெரிந்த கிணறுகளைக் காட்டிக்கொண்டே வந்தார். அது தான் வெட்டியது, இது ரெண்டாள் ஆழத்தில் தண்ணீர் கொடுத்தது என்று. அவர் அவ்வளவு பேசி நான் கேட்டதே இல்லை.

ராசாத்தி வீட்டுப் பின்னால் வாழையிலை அறுத்து அடுக்கிக்கொண்டிருந்தாள். அப்பனைப் பார்த்ததும் அரிவாளைக் கீழே போட்டாள், ஆனால் வாவென்று சொல்லவில்லை. நான் சொல்லத் தொடங்கினேன். கூட்டத்தில் சொன்னதைவிட இங்கே கஷ்டமாக இருந்தது. இரண்டு கேள்வி, ஒரு பதில், மூன்று மணி பஸ், சால் கிடைத்த பிறகும் காத்தாயியிடம் நான் சொன்ன பதில், எல்லாவற்றையும் சொன்னேன். பலாப்பழத்தைக்கூட விடவில்லை.

அவள் என்னை விட்டுவிட்டு அப்பனிடம் போனாள்.

“அப்ப நீ ஒண்ணுமே சொல்லலையாப்பா?”

“இல்லத்தா.”

“நான் அன்னைக்கு அம்புட்டுப் பேசுனேனே, அப்பவாச்சும் சொல்லியிருக்கலாம்ல?”

“எனக்கே தெரியாதே ஆத்தா” என்றார் ராக்கன்.

அவள் அவர் கையைப் பிடித்துக்கொண்டு ஓவென்று அழுதாள். பிறகு உள்ளே போய் ஒரு செம்பில் தண்ணீர் கொண்டுவந்து அவருக்குக் கொடுத்தாள். அவர் பாதி குடித்துவிட்டு, வெட்கப்பட்டுக்கொண்டு என் பக்கம் தலையை அசைத்தார். “அய்யாவுக்குங் குடு ஆத்தா. தூரத்துலருந்து வந்திருக்காக.”

ராசாத்தி அப்போதுதான் என்னை நேராகப் பார்த்தாள். “ஒங்க வீட்டுல இது தெரியுமாங்க?”

“தெரியாதும்மா.”

“பொண்ணு இருக்கா?”

“இருக்கா. டீச்சர்.”

“அந்தப் புள்ளைகிட்டச் சொல்லிட்டு வாங்க” என்றாள். குரலில் சூடே இல்லை. “அப்புறமா இங்கிட்டு வந்து எம்புட்டு வேணும்னாலும் குடிங்க. நானே மோந்து தாரேன்.”

அது தை மாதம். இப்போது ஆடி முடியப்போகிறது. கீரமங்கலம் பக்கம் நான் போகவில்லை. வாயால் சொல்ல ஏழு மாதமாக முயன்று பார்த்துவிட்டேன். ஒவ்வொரு நாளும் ஒரு காரணம் கிடைக்கிறது. எழுதினாலாவது சொல்லி முடிப்பேன் என்றுதான் உட்கார்ந்தேன். அருள்ராணி பக்கத்து அறையில் பரீட்சைப் பேப்பர் திருத்திக்கொண்டிருக்கிறாள். அம்மாவையும் கூட்டிக்கொண்டு வா என்று இப்போது அவளைக் கூப்பிடப் போகிறேன். முதல் வரியிலிருந்து நிறுத்தாமல் வாசித்துவிட வேண்டும். நடுவில் நின்றால் மறுபடி தொடங்க எனக்குத் தைரியம் வராது.